அழிந்த சிரிப்பும் தேடிய அன்பர்களும்

இரசிகர் மன்றம் என்றதும் கற்றோர் அவையில் ஓர் இளநகை எழும். தாம் விரும்பியதைத் தாமே மெச்சிக்கொள்ளும் ஒரு கூட்டம் என்றே அதனை மதிப்பிடுகிறோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை அசைத்தது 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஒரு சிறு செய்தி. பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் இரண்டு பகுதிகள், அழிந்தேபோயின என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருதப்பட்டவை, ஒருவர் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் இருந்து கிடைத்தன. இவ்வளவே செய்தி. மன்றத்து அன்பர்களுக்கு அது திருவிழா. வரலாறு பயில்வோர்க்கோ அதில் ஒரு பாடம் இருந்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தொடரின் பெயர் 'டாட்ஸ் ஆர்மி'. அப்பாவின் படை என்று தமிழில் சொல்லலாம். ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்ட் என்னும் இருவர் எழுதினர். 1968 ஜூலை 31 அன்று பி.பி.சி.யில் தொடங்கி 1977 நவம்பர் வரை, ஒன்பது பருவங்களில் 80 பகுதிகளாக ஒளிபரப்பானது. அதன் உச்ச காலத்தில் ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் அதனைக் கண்டனர். 2004ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் தலைசிறந்த நகைச்சுவைத் தொடர் எதுவென்று பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பிலும் அதற்கு நான்காம் இடம் கிடைத்தது.

கிழவர்களின் படை

தொடரின் களம் இரண்டாம் உலகப் போர்க்காலம். 1940 மே 14 அன்று மாலை, போர்த்துறை அமைச்சர் ஆன்டனி ஈடன் வானொலியில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். 17 முதல் 65 வயது வரையுள்ள ஆண்கள் உள்ளூர்க் காவல் படையில் தாமாக முன்வந்து சேரவேண்டும் என்பதே அது. ஹிட்லரின் படைகள் பிரான்சுக்குள் பாய்ந்துகொண்டிருந்த நேரம். ஏழே நாளில் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தனர். ஜூலைத் திங்கள் முடிவதற்குள் அத்தொகை பத்து லட்சத்தைக் கடந்தது. அந்த ஜூலையில்தான் சர்ச்சிலின் விருப்பப்படி அதற்கு 'ஹோம் கார்டு' என்னும் பெயர் அமைந்தது.

சேர்ந்தவர்கள் யார்? வயதால் படைக்குத் தகாதவர், நோயால் விலக்கப்பட்டவர், இன்னும் படைக்கு அழைக்கப்படாத இளைஞர், முதல் உலகப் போரில் பொருது திரும்பிய முதியோர். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கைப்பட்டை மட்டுமே. சீருடையும் துப்பாக்கியும் பின்னரே வந்தன. 1941இல் இரும்புக் குழாயின் நுனியில் துப்பாக்கி முனைவாளைப் பற்றவைத்து, ஈட்டியாக்கி வழங்கிய கூத்தும் நடந்தது. விமானங்கள் குண்டு பொழியும் காலத்தில் ஈட்டி! நகைச்சுவைக்கு எழுத்தாளர் எதையும் புனையவேண்டிய தேவை இருக்கவில்லை. வரலாறே எழுதிக் கொடுத்துவிட்டது.

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைச் சொல்வார். இந்த நான்கும் ஒரே அணியில் நிற்பதை இத்தொடரில் காணலாம். வால்மிங்டன்-ஆன்-சீ என்னும் கற்பனைக் கடற்கரைச் சிற்றூர். படைத்தலைவர் கேப்டன் மேனரிங், ஊர் வங்கியின் மேலாளர். தம் பதவியைப் பற்றி அவருக்கு இருக்கும் பெருமிதமே அவரை எள்ளலுக்கு உரியவராக்குகிறது. அவருக்குக் கீழ்ப்பட்ட சார்ஜென்ட் வில்சன், வங்கியிலும் அவருக்குக் கீழ்ப்பட்ட எழுத்தரே. ஆயினும் பிறப்பால் உயர்குடியினர்; அதனை மேனரிங்கால் மன்னிக்கவே முடியவில்லை. சூடானில் போரிட்ட பழங்கதையை ஓயாது சொல்லும் கசாப்புக் கடைக்காரர் ஜோன்ஸ், எல்லாம் அழிந்தோம் என்று புலம்பும் ஸ்காட்லாந்துக்காரர் ஃபிரேசர், கள்ளச்சந்தை வணிகர் வாக்கர், தாயின் கழுத்துப்பட்டையை அவிழ்க்காத இளைஞன் பைக், மென்மையே உருவான முதியவர் காட்ஃப்ரி. வகுப்புப் பிரிவினையில் ஊறிய ஒரு சமூகம், பகைவன் வாயிலுக்கு வந்தபோது தோளோடு தோள் நிற்க எவ்வளவு இடர்ப்பட்டது என்பதே இதன் உள்ளுறை.

நடித்தவரும் வாழ்ந்தவரே

தொடரை எழுதிய ஜிம்மி பெரி பதின்ம வயதில் வாட்ஃபர்டு ஊரின் ஹோம் கார்டில் பணிபுரிந்தவர். பைக் என்னும் இளைஞனில் அவரே இருக்கிறார். ஃபிரேசராக நடித்த ஜான் லாரி முதல் உலகப் போர்க்களம் கண்டவர். இரண்டாம் போரில் ஹோம் கார்டிலும் இருந்தார். வில்சனாக நடித்த ஜான் லெ மெஷூரியர் போர்க்காலத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் படையதிகாரி. எழுபது வயது ஜோன்ஸாக வந்த கிளைவ் டன்னுக்குத் தொடர் தொடங்கியபோது வயது 48தான். அவர் 1941இல் கிரேக்கத்தில் சிறைப்பட்டு நான்காண்டுகளை ஆஸ்திரியாவில் போர்க்கைதியாகக் கழித்தவர்.

இவர்களுள் நம் நெஞ்சில் நிற்பவர் ஆர்னால்டு ரிட்லி. 1896இல் பிறந்தவர். 1916இல் சோம் போர்க்களத்தில் கடுங்காயமுற்றார். இடக்கை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. தலையில் பட்ட அடியின் விளைவு பல்லாண்டு தொடர்ந்தது. 'தி கோஸ்ட் டிரெய்ன்' என்னும் புகழ்பெற்ற நாடகத்தை 1923இல் எழுதினார். 1939இல் மீண்டும் படையில் சேர்ந்து பிரான்சு சென்றார். அங்கிருந்து மீண்டபின் ஹோம் கார்டிலும் சேர்ந்தார். இத்தகையவர்தாம் 72ஆம் வயதில், ஓர் எலியைக் கொல்லவும் மனம் வராத காட்ஃப்ரியாக நடிக்க வந்தார்.

1969 நவம்பர் 20 அன்று 'பிராண்டெட்' என்ற பகுதி ஒளிபரப்பானது. அதில் காட்ஃப்ரி படையிலிருந்து விலக விரும்புகிறார். காரணம் கேட்டால், முதல் உலகப் போரின்போது மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் தாம் என்கிறார். மேனரிங் அதிர்கிறார். கோழை என்று எல்லாரும் ஒதுக்குகின்றனர். பின்னர் ஒரு பயிற்சியின்போது புகை சூழ்ந்த குடிலில் மேனரிங் மயங்கி வீழ, அவரை மீட்பவர் அந்தக் காட்ஃப்ரியே. நோயுற்றுக் கிடக்கும் அவரைக் காண வீட்டுக்குச் சென்றவர்கள், சுவரில் இருக்கும் படத்தில் அவர் மார்பில் வீரப் பதக்கத்தைக் காண்கின்றனர். ஆயுதம் ஏந்தாமல் மருத்துவப் பிரிவில் சேர்ந்து, சோம் களத்தில் குண்டுமழைக்கிடையே காயமுற்றோரைத் தூக்கி வந்ததற்காகக் கிடைத்த பதக்கம் அது. நடித்த ரிட்லியோ அதே களத்தில் வெட்டுண்டு வீழ்ந்தவர்! சிரிப்பதற்கென்று அமர்ந்தவர்கள் அன்று சிறிது நேரம் பேச்சற்று இருந்திருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அழித்த கை

இந்தப் பகுதி இன்று நமக்குக் காணக் கிடைக்கிறது. ஆனால் அதே 1969ஆம் ஆண்டின் மார்ச் முதல் ஏப்ரல் வரை ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தின் ஆறு பகுதிகளுள் ஐந்து அழிந்தன. தீ விபத்தோ வெள்ளமோ காரணமன்று. தயாரித்த நிறுவனமே அவற்றைத் துடைத்து அழித்தது.

ஏன் அழித்தார்கள்? அக்காலத்தில் நிகழ்ச்சிகளைப் பதிந்த இரண்டு அங்குல அகல நாடா விலை மிகுந்தது. ஒன்றைத் துடைத்தால் இன்னொன்றைப் பதியலாம். நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாடுகள் மறு ஒளிபரப்புக்கு எல்லை வகுத்திருந்தன; மீண்டும் காட்டமுடியாத ஒன்றை வைத்திருப்பானேன் என்று கருதினர். வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒளிநாடா பரவாத காலம். 1969 நவம்பர் 15 முதல் பி.பி.சி.யின் முதல் அலைவரிசையும் வண்ணத்துக்கு மாறியது. கறுப்பு வெள்ளையில் இருந்த எல்லாம் ஒரே நாளில் பழஞ்சரக்காயின. இரண்டாம் பருவம் கறுப்பு வெள்ளை. 'பிராண்டெட்' இடம்பெற்ற மூன்றாம் பருவம் வண்ணம். காட்ஃப்ரியின் பதக்கம் பிழைத்ததற்கும் ஏனையவை மாண்டதற்கும் இடைப்பட்ட தொலைவு ஏழெட்டுத் திங்களே. அந்த எல்லைக்கோடு சற்று இப்பால் விழுந்திருந்தால், ரிட்லியின் அந்த முகத்தை எவரும் மறுமுறை கண்டிருக்க இயலாது.

இது ஒரு தொடரின் கதை மட்டுமன்று. 'ஸ்டெப்டோ அண்டு சன்' தொடரின் 1970ஆம் ஆண்டுப் பகுதிகள் பலவற்றின் மூல நாடாக்களும் அழிந்தன. அதன் ஆசிரியர்களான ரே கால்ட்டனும் ஆலன் சிம்சனும் தமக்கென எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படிகளால்தான் அவை இன்று உள்ளன. ஆவணக் காப்பில் பி.பி.சி. உண்மையான அக்கறை காட்டத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான்.

அழித்தவர்களைத் தீயோர் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்கள் கடமை தவறாத அலுவலர்கள், அலமாரியில் இடம் தேடியவர்கள், வரவுசெலவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அரசியாரின் முடிசூட்டு விழாவை அழிக்க எவருக்கும் தோன்றியிருக்காது. சனிக்கிழமை மாலையில் மக்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பது வரலாறாகும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

காத்த கை

இனி அந்த 2001ஆம் ஆண்டுச் செய்திக்கு வருவோம். அவ்வாண்டில் பி.பி.சி.யே 'டிரெஷர் ஹண்ட்' என்னும் பெயரில் ஒரு புதையல் வேட்டையைத் தொடங்கி, பழைய பதிவு வைத்திருப்போர் தருக என்று பொதுமக்களை வேண்டியது. தான் எறிந்ததைத் தானே இரந்து கேட்ட காட்சி அது! அவ்வாண்டிலேயே டாட்ஸ் ஆர்மியின் இரண்டு பகுதிகள் திரும்பின. எவரோ குப்பையில் எறிந்த படச்சுருள்களை எடுத்துச் சென்ற ஓர் ஆர்வலர், அவற்றைத் தம் தோட்டக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். பெட்டிகள் துருவேறி இருந்தன. உள்ளே சிரிப்பு கெடாமல் இருந்தது.

கிடைத்தவற்றுள் ஒன்று 'ஆபரேஷன் கில்ட்'. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றோடு பயிற்சிப் போர். வேவு பார்ப்பதற்காக நம் வீரர்கள் நாடக மேடைப் பசு வேடத்துக்குள் புகுகின்றனர். மற்றொன்று 'தி பேட்டில் ஆஃப் காட்ஃப்ரிஸ் காட்டேஜ்'. கோயில் மணி ஒலிக்கிறது. பகைவர் இறங்கிவிட்டனர் என்று படை இரண்டாகப் பிரிந்து விரைகிறது. ஒருவரையொருவர் பகைவர் என்று எண்ணிச் சுட்டுக்கொள்கின்றனர். குண்டுகளுக்கு நடுவே காட்ஃப்ரியின் சகோதரியார் தேநீர் உபசாரத்தில் குறை வைக்கவில்லை.

இதில் வரும் மணியோசையின் பொருளை இன்றைய இளைஞர்க்கு விளக்கவேண்டியிருக்கும். 1940 ஜூன் முதல் பிரித்தானியாவில் கோயில் மணிகள் வாய் மூடியிருந்தன. பகைவர் வானிலிருந்தோ கடலிலிருந்தோ இறங்கினால் மட்டுமே அவற்றை ஒலிக்கவேண்டும் என்பது ஆணை. 1940 செப்டம்பர் 7 இரவு எச்சரிக்கைக் குறிச்சொல் பிறந்தபோது, சில ஊர்களில் அதனைப் பிறழ உணர்ந்து மணியடித்துவிட்டனர். ஹோம் கார்டினர் இரவெல்லாம் ஆயுதத்தோடு காத்திருந்தனர், எவரும் வரவில்லை. 1942 நவம்பரில் எல் அலமைன் வெற்றியைக் கொண்டாடத்தான் மணிகள் மீண்டும் நாடெங்கும் ஒலித்தன. மணியோசைக்கு ஒரு நாடே நடுங்கிய நாள்களின் நினைவு, தோட்டக் கொட்டகையிலிருந்து வந்த அரைமணி நேரச் சிரிப்பினுள் பொதிந்திருக்கிறது.

மன்றத்தின் பணி இங்கேதான் தொடங்குகிறது. 'டாட்ஸ் ஆர்மி அப்ரிசியேஷன் சொசைட்டி' 1993இல் தொடங்கப்பெற்றது. நியூசிலாந்திலும் அதற்குக் கிளை எழுந்தது. ஜோன்ஸ் கேப்டனிடம் பேச அனுமதி கேட்கும் சொல்லையே பெயராக்கி, 'பர்மிஷன் டு ஸ்பீக், சர்!' என்னும் மடலை அன்பர்களுக்கு அனுப்பினர். இத்தகைய மடல்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் சிறியவை. எந்தத் தெருவில் எந்தக் காட்சி எடுக்கப்பட்டது, முகம் மட்டும் காட்டிச் சென்ற துணைநடிகர் யார், யார் மறைந்தார், எந்தப் பொருள் எங்கே ஏலத்துக்கு வருகிறது என்பன. ஆயினும் நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்குப் பாடபேதம் குறித்துச் செல்வதும் இத்தகைய அன்புதானே என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இன்னும் ஊர்களும் இவ்வன்பில் பங்கேற்றன. வெளிப்புறக் காட்சிகள் பலவும் நார்ஃபோக் மாவட்டத்துத் தெட்ஃபர்டு நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுக்கப்பட்டன. 2007இல் அங்கு டாட்ஸ் ஆர்மி அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அதனை நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். 2010இல் இருக்கையில் அமர்ந்த கோலத்தில் மேனரிங்கின் வெண்கலச் சிலை எழுந்தது. 2012இல் ஜோன்ஸின் கசாப்புக் கடை வண்டி ஏலத்துக்கு வந்தபோது, அந்தச் சிறு அருங்காட்சியகம் 63,100 பவுண்டுக்கு அதனை வாங்கியது. வாழ்ந்திராத ஒரு வங்கி மேலாளருக்குச் சிலையும், கற்பனைக் கசாப்புக் கடைக்காரரின் வண்டிக்குக் கொட்டிலும்!

வண்ணம் மீண்ட கதையும் வியப்புக்குரியது. மூன்றாம் பருவத்தின் 'ரூம் அட் தி பாட்டம்' என்ற பகுதிக்கு வண்ண நாடா அழிந்து, கறுப்பு வெள்ளைப் படச்சுருளே எஞ்சியிருந்தது. வண்ணக் குறிகையைத் திரையில் ஓடவிட்டுப் படமெடுத்தபோது, அதன் சுவடு நுண்புள்ளிகளாகப் படச்சுருளில் பதிந்திருந்தது. பொறியாளரும் ஆர்வலரும் கூடிய ஒரு குழு அப்புள்ளிகளைப் படித்து, மூல வண்ணத்தையே மீட்டெடுத்தது. 2008இல் அப்பகுதி மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பானது. பழுது என்று கருதப்பட்ட புள்ளிகளே சாட்சியாயின.

எஞ்சியவை

இன்னும் மூன்று பகுதிகளின் காட்சிப் பதிவு கிடைக்கவில்லை. வாக்கரைப் படைக்கு அழைத்துவிட, அவரை மீட்கத் தோழர்கள் படும் பாடு ஒன்று. ஃபிரேசர் சிறு பதவி பெற்றதும் தலைகால் தெரியாமல் ஆடும் கதை இன்னொன்று. தீக்குண்டுகள் விழும் இரவில், அயலார் ஒருவரை ஒற்றர் என்று ஐயுறும் கதை மற்றொன்று. இந்த மூன்றாவதை இழந்தது நமக்குப் பெருங்குறையாகப் படுகிறது. 1940இல் ஜெர்மானியர், ஆஸ்திரியர், இத்தாலியர் என்ற ஒரே காரணத்துக்காகப் பல்லாயிரவரைப் பிரித்தானிய அரசு காவலில் வைத்தது. ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்த யூதரும் அவர்களுள் இருந்தனர். அந்த ஐயத்தைப் பொதுமக்கள் 1969இல் எவ்வாறு திரும்பிப் பார்த்துச் சிரித்தனர் என்பதற்குச் சான்றாகும் அப்பகுதி.

எழுத்துப்படிகள் உள்ளன. 1970களில் அதே நடிகர்களைக் கொண்டு வானொலி வடிவமும் செய்யப்பட்டது. ஃபிரேசரின் கதைக்கு மூல ஒலிப்பதிவு கிடைத்ததால், 2016இல் அதற்கு அசைபடம் வரைந்து சேர்த்தனர். 2019இல் மூன்றையும் புதிய நடிகர்கள் மீண்டும் நடித்துக் காட்டினர். நன்றியோடு ஏற்கத்தக்க முயற்சிகளே. ஆனால் சோம் களத்தின் காயம் சுமந்த ரிட்லி, சொல்லின்றி ஒரு கணம் தயங்கி நிற்கும் நிலையை எழுத்துப்படி தராது, ஒலிப்பதிவும் தராது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நாம் மறைக்கலாகாது. இத்தொடரின் வெற்றியால், ஹோம் கார்டு என்றாலே கோமாளிக் கூட்டம் என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் சிலர் வருந்துவர். அதில் உண்மை உண்டு. விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்கியவர்களும் இரவுதோறும் கடற்கரை காத்தவர்களும் அவர்கள்தாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியில் உயிர் நீத்தனர். சிரிப்பு ஒருபாற் கோடும் சாட்சி. எனினும், 1944 டிசம்பரில் பணி முடிந்து வீடு திரும்பிய அம்முதியோரைப் பின்வந்த தலைமுறை ஏறத்தாழ மறந்தே இருந்தது. அவர்களை மீண்டும் வீட்டுக்கூடத்துக்கு அழைத்து வந்தது இந்தச் சிரிப்புத்தான். திருத்தி எழுதுவதற்கும் முதலில் நினைவு என்று ஒன்று வேண்டுமே.

படைப்பாளர்கள் போயினர். டேவிட் கிராஃப்ட் 2011இலும், கிளைவ் டன் 2012இலும், ஜிம்மி பெரி 2016இலும் மறைந்தனர். பைக்காக நடித்த இயான் லாவெண்டர் 2024 பிப்ரவரியில் மறைந்தபோது அந்த முதன்மை அணியின் கடைசி வீரரும் விடைபெற்றார். இனி அவர்களை அறிய, எஞ்சிய 77 பகுதிகளே நமக்கு வாயில். அவற்றுள் இரண்டு, பயனற்றது என்று பிறர் எறிந்ததை எறிய மனமில்லாத ஒருவரால் கிடைத்தவை.

கல்லூரியில் மாணவர்கள் தம் வீட்டுப் பரணிலிருந்து பழைய ஒலிநாடாவோ கிழிந்த நாடக அறிவிப்போ கொண்டுவந்து காட்டி, 'இதனால் ஏதேனும் பயனுண்டா?' என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம் நாம் புரட்டிப் பார்த்துவிட்டு மதிப்புச் சொல்வோம். இப்போது, ஈரம் படாத இடத்தில் வைத்து, மேலே பெயரும் ஆண்டும் எழுதிவையுங்கள் என்று மட்டும் சொல்கிறோம்.